ரேடார் படத்தில் மழையும் ஆலங்கட்டியும் பார்ப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குலசேகரம் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பரும், பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த வாழையும் உண்டு. ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், ஓட்டுக்கூரையில் யாரோ சரளைக்கல் வாரி எறிவதுபோல சத்தம் கேட்டது. முற்றத்தில் இறங்கிப் பார்த்தால் அரைநெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டி. பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் செந்துளுவன் வாழை இலையெல்லாம் சீப்பு வாரியதுபோலக் கிழிந்து, காய்த்தோலில் கறுத்த தழும்பு விழுந்துவிட்டது. அன்று மதியம் முழுவதும் கையில் போன் இருந்தது, ரேடார் படமும் திறந்தே இருந்தது. அதைப் படிக்கத்தான் தெரியவில்லை. இழப்பீடு கேட்டு நடந்தபோது இன்னும் நாலு விஷயம் தெரியாமல் முழித்தேன். நீங்களும் அப்படி முழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் ஊரை எந்த ரேடார் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்துக்குப் பயன்படுவது திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள, 'சி-பேண்ட்' என்ற அலைவரிசையில் இயங்கும் டாப்ளர் ரேடார். அங்கிருந்து மார்த்தாண்டம் நேர்க்கோட்டில் சுமார் 45 கி.மீ., நாகர்கோவில் 70-க்குக் கொஞ்சம் மேல், கன்னியாகுமரி 90 கி.மீ. கொச்சியிலும் காரைக்காலிலும் ரேடார் இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலில் இருந்து கொச்சி ஏறத்தாழ 230 கி.மீ., காரைக்கால் 400 கி.மீ. தூரம்.

தூரம் ஏன் முக்கியம்? ரேடார் கதிர் தரையோடு ஒட்டிப் போகாது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர், பூமி வளைந்திருப்பதால் போகப்போக உயர்ந்துகொண்டே போகும். தும்பாவில் இருந்து வருவது மார்த்தாண்டத்துக்கு மேல் அரை கிலோமீட்டர் உயரத்திலும், நாகர்கோவிலுக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரிலும் போகும். கொச்சியில் இருந்து வரும் கதிர் நாகர்கோவிலை எட்டும்போது 5 கி.மீ. உயரத்தில் இருக்கும். நம் பக்கத்தில் மேகத்துக்குள் பனி உருகி மழைத்துளியாகும் உயரமே (உருகும் மட்டம்) சுமார் 5 கி.மீ. தான். ஆகவே கொச்சிப் படத்தில் நாகர்கோவில் மேல் தெரிவது மேகத்தின் மேல்பாதி. தும்பா ரேடார் பழுதில் இருக்கும் நாளில் வேறு வழியில்லாமல் அதைப் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து மழைக் கணக்கு போடாதீர்கள்.

இன்னொன்று, மலை. அகத்தியர் மலையும் மகேந்திரகிரியும் கதிரை மறைக்கும். பணகுடி, வள்ளியூர் பக்கம் கொட்டுகிற மழை தும்பா படத்தில் மங்கியோ, தெரியாமலோ போகலாம். கிழக்கில் இருந்து வரும் மேகம் மலையைத் தாண்டிய பிறகு திடீரென முளைத்ததுபோல இருக்கும். முளைக்கவில்லை, அதுவரை நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2. படத்தில் உள்ள நேரத்தை முதலில் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' இணையதளத்தில் ரேடார் பகுதிக்குப் போய் திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டணம் கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். படம் ஏறத்தாழ 10 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும்.

நேரம் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிஷம் கூட்ட வேண்டும். 10:30 என்று போட்டிருந்தால் சாயங்காலம் 4 மணி. அந்த ஆலங்கட்டி நாளில் நான் சறுக்கியது இங்கேதான். "இது காலையில் எடுத்த படம்" என்று மூடி வைத்துவிட்டேன். இரவில் இன்னும் கவனம் வேண்டும். 20:00 என்றால் நமக்கு அடுத்த நாள் அதிகாலை 1:30, தேதியே மாறிவிடும்.

ரேடார் பராமரிப்பில் இருந்தால் பழைய படம் அப்படியே நிற்கும். வானம் இருட்டிக்கொண்டு வரும்போது படம் வெறுமையாக இருந்தால் தேதியைப் பாருங்கள், நேற்றையதாக இருக்கும். சில தனியார் செயலிகளில் 'ரேடார்' என்று பெயர் போட்டு கம்ப்யூட்டர் கணிப்பைக் காட்டுவதும் உண்டு. அடுத்த ஆறு மணி நேரத்துக்கு வழவழவென்று ஓடும் 'ரேடார்' படம் என்றால் அது ரேடார் இல்லை.

3. எந்தப் படத்தைத் திறப்பது?

நாலைந்து வகைப் படம் வரிசையாக இருக்கும். புதியவர்களுக்கு மூன்று போதும்.

'மேக்ஸ் இசட்' என்பது, ஓர் இடத்துக்கு மேலே எந்த உயரத்திலாவது இருக்கும் அதிகபட்ச எதிரொலி, அதாவது மழைத்துளியிலும் பனியிலும் பட்டு ரேடாருக்குத் திரும்பி வரும் அலை. பார்க்கப் பயமாக இருக்கும். மழை தரைக்கு வருகிறதா என்பதை அது சொல்லாது. உருகும் மட்டத்தில் பனி ஈரமாகும்போது எதிரொலி வீங்கித் தெரியும், அதையும் இந்தப் படம் வாரி எடுத்துக் காட்டிவிடும். சிணுங்கல் மழை நாளில் ஆரஞ்சு நிறம் பார்த்துப் பதறுவது இதனால்தான். 'பி.பி.ஐ.' என்பது ஒரே சாய்வில் சுற்றிப் பார்த்தது. கீழ்ச் சாய்வுப் படமாக இருந்தால் தரையில் பெய்வதற்கு இது நெருக்கம். 'எஸ்.ஆர்.ஐ.' என்பது எதிரொலியை மணிக்கு இத்தனை மி.மீ. மழை என்று மாற்றித் தருவது. இதோடு 'பி.ஏ.சி.' என்று மழையைக் கூட்டிச் சேர்த்த படமும் உண்டு. அதை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

நகராத புள்ளிகளை நம்பாதீர்கள். மலைமுகடு, தெளிந்த இரவில் கடல்பரப்பு எல்லாம் எதிரொலி தரும். காற்றாலை இறக்கையும் தரும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ஒரே இடத்தில் நின்று மினுங்கும் புள்ளி இருந்தால் குடை எடுக்க வேண்டாம்.

4. நிறத்தை மழையாக மாற்றுவது

நிற அளவுகோலில் இருக்கும் எண் டி.பி.இசட்., எதிரொலி எவ்வளவு வலுவானது என்று சொல்லும் அலகு. 20 என்றால் தூறல், 30 என்றால் சாதாரண மழை, 40-ல் நனைந்துவிடுவோம், 50-ல் வண்டி ஓட்ட முடியாது. இதை மி.மீ. ஆக்கும்போதுதான் சிக்கல். ரேடார் துளிகளை எண்ணுவதில்லை. துளியின் விட்டத்தை ஆறு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் அளவுக்கு எதிரொலி ஏறும். ஒரு பெரிய துளி நூற்றுக்கணக்கான சிறு துளிகளுக்குச் சமமாகத் தெரியும். அதனால் ஒரே எண்ணுக்கு ஒரே மழை கிடையாது.

பழைய பொதுச் சூத்திரப்படி 30-க்கு மணிக்கு 2.7 மி.மீ., 40-க்கு 11.5, 45-க்கு 24, 50-க்கு 49. வெப்பமண்டலக் கனமழைக்கான சூத்திரத்தில் அதே எண்களுக்கு 3.2, 22, 56, 147.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து நிமிஷ இடைவெளியில் ஆறு படம், உங்கள் ஊர் மேல் 30, 40, 45, 45, 40, 30 என்று வருகிறது. ஒவ்வொன்றின் மணிக்கணக்கு மழையையும் கூட்டி ஆறால் வகுத்தால் அந்த ஒரு மணி நேர மழை. முதல் சூத்திரத்தில் சுமார் 13 மி.மீ., இரண்டாவதில் 27. ஒரே மழை, இரண்டு மடங்கு வித்தியாசம்! இதில் எது சரி என்று படம் ஒருநாளும் சொல்லாது.

குழப்பம் இன்னும் இரண்டு இருக்கிறது. சி-பேண்ட் அலை கனமழையை ஊடுருவும்போது வலு இழக்கும். தும்பாவுக்கும் உங்களுக்கும் நடுவே, பாறசாலை, களியக்காவிளை மேல் அடைமழை நின்றால், அதற்குப் பின்னால் மார்த்தாண்டத்தில் பெய்வது குறைந்து தெரியும். இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) மலையடிவாரத்தில் தாழ்ந்த மேகத்தில் இருந்து இறங்கும் மழையும் அப்படியே, கதிருக்குக் கீழேயே துளி பெருத்துவிடும். பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம் ரேடார் சொன்னதைவிட நிஜத்தில் கூடுதலாகப் பெய்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

5. முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள்

இதைச் செய்யாமல் ரேடார் பார்ப்பது, தராசு இல்லாமல் சந்தைக்குப் போவதுபோல. நான் வாங்கிய பிளாஸ்டிக் மழைமானி 450 ரூபாய். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் சரி, நின்ற நீரின் ஆழத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மி.மீ. பெயின்ட் வாளி ஆகாது, அடி குறுகி வாய் விரிந்திருக்கும். நான் முதல் மூன்று மாதம் அதில்தான் அளந்தேன், எல்லா எண்ணும் தப்பு.

வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் கிடைத்தால் வேலை சுலபம். அதன் பரப்பு 100 சதுர செ.மீ., ஆக 10 மில்லி நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடிக்கப்பில் 10 மில்லிக் கோடு இருக்கும், அதுவே அளவுகோல்.

வைக்கும் இடம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். பக்கத்துத் தென்னையின் உயரத்தில் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். ரப்பர் நிழலில் வைத்தால் இலை குடித்தது போக மிச்சம்தான் கிடைக்கும். தினமும் காலை 8:30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் நாள் கணக்கு அந்த நேரத்தில்தான் முடிகிறது. நாளிதழில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, பாலமோர், திற்பரப்பு, கொட்டாரம் என்று வரும் எண்களோடு ஒப்பிட அப்போதுதான் முடியும். துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால் 'கனமழை', 115.6-ல் இருந்து 'மிகக் கனமழை', 204.4-ஐத் தாண்டினால் 'அதிகனமழை'.

ரேடார் கணக்கு ஒரு பக்கம், மானிக் கணக்கு மறுபக்கம் என்று ஒரு பருவம் முழுக்க எழுதினால் உங்கள் ஊருக்கான பெருக்கு எண் தானாகத் தெரியவரும். என் நோட்டில் கோடை இடிமழைக்கு இரண்டாவது சூத்திரம் ஒத்துவருகிறது. இடவப்பாதிக்கு எதுவும் முழுசாக ஒத்துவரவில்லை.

6. ஆலங்கட்டியை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது

சிவப்பு தெரிந்தாலே ஆலங்கட்டி என்று நினைப்பது பெரிய தப்பு. நம் ஊரில் வெறும் நீர்த்துளியே 50-ஐத் தொடும். பார்க்க வேண்டியது உயரம்.

'மேக்ஸ் இசட்' படத்தின் மேல் விளிம்பிலும் வலது விளிம்பிலும் இரண்டு பட்டைகள் இருக்கும். மேகத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்த தோற்றம் அது. உங்கள் ஊரில் இருந்து நேராக மேலே ஒரு கோடு, நேராக வலப்பக்கம் ஒரு கோடு கற்பனையாக இழுங்கள். கோடு பட்டையில் முட்டும் இடத்தில், 45-க்கு மேற்பட்ட நிறம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது? உருகும் மட்டத்துக்கு 1.4 கி.மீ. மேலே 45 டி.பி.இசட். போய்விட்டால் ஆலங்கட்டிக்கு வாய்ப்பு உண்டு என்பது வானிலையாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் அளவு. நமக்கு அது சுமார் 6.5 கி.மீ. நம் சூட்டில் கல் தரைக்கு வருமுன் பெரும்பாலும் உருகிவிடும், அதனால் நான் இன்னும் கறாராக 50-க்கு மேற்பட்ட நிறம் 8 கி.மீ. தாண்டுகிறதா என்று பார்க்கிறேன். இது என் சொந்தக் கணக்கு, உங்கள் அனுபவத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டை, ஒரே கோட்டில் இருக்கும் எல்லா மேகத்திலும் பெரியதைக் காட்டும். உங்களுக்கு நேர் வடக்கே ஒரு பூதாகாரமான மேகம் நின்றால், மேல் பட்டையில் அதுதான் தெரியும். இரண்டு பட்டையும் ஒத்துச் சொன்னால் மட்டும் நம்புங்கள்.

மேகம் வளர்கிறதா என்பதும் முக்கியம். அடுத்தடுத்த மூன்று படங்களில் உச்சி 7, 9, 12 என்று ஏறினால் கவனம். உச்சி இறங்க ஆரம்பித்தால் சரக்கு கீழே வருகிறது என்று அர்த்தம். கல் விழுவதும், வாழையைச் சாய்க்கும் அடிகாற்று வருவதும் அந்த நேரத்தில்தான். இன்னொன்றையும் மறக்காதீர்கள். கல் கலந்த மேகத்தில் மழைக் கணக்கு போடாதீர்கள், பனிக்கல் எதிரொலியை ஊதிவிடும். அமெரிக்காவின் பழைய ரேடார் கணக்கு முறையில் 53 டி.பி.இசட்.டுக்கு மேல் உள்ளதை மழையாக எண்ணாமல் மணிக்கு 104 மி.மீ. அளவில் நிறுத்தியே விட்டார்கள்.

பங்குனி, சித்திரை மாதங்களில் பகல் 2 மணியில் இருந்து 6 மணி வரைதான் இந்த வேலை. மற்ற நேரம் போனை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

7. வருமா, விலகுமா?

20 நிமிஷ இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். மேகத்தின் மையம் 5 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 15 கி.மீ. வேகம். அது 10 கி.மீ. தள்ளி இருந்தால் உங்களிடம் 40 நிமிஷம் இருக்கிறது. தனி இடிமேகம் பெரும்பாலும் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆயுளை முடித்துவிடும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கணிப்பு வீண்.

இடவப்பாதியில் கடல் பக்கம் பாருங்கள், கோடையிலும் துலாமழையிலும் (வடகிழக்குப் பருவமழையில்) மலைப் பக்கம் பாருங்கள். வானிலைத் துறை தரும் 3 மணி நேர உடனடி எச்சரிக்கையையும், மின்னலுக்கு 'தாமினி' செயலியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் விடியற்காலையில் படம் பார்த்தே இப்போது முடிவு செய்கிறேன். சிரட்டையில் மழைத்தண்ணீர் நிறைந்து பால் வீணாவது பெருமளவு குறைந்திருக்கிறது.

8. படத்தை உடனே சேமியுங்கள்

பொது இணையதளத்தில் இருப்பது புதிய படங்கள் மட்டுமே. அடுத்த வாரம் போய்த் தேடினால் கிடைக்காது. மேகம் நெருங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் படத்துக்குள் தெரிய வேண்டும்.

கல் விழுந்தால் நாலைந்தைப் பொறுக்கி, ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நான் உள்ளங்கையில் வைத்து நடுவில் பால் நிறம், சுற்றிலும் கண்ணாடி என்று ரசித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்து வருவதற்குள் கையில் தண்ணீர்தான் இருந்தது.

9. பயிர் அடிபட்டால்: 72 மணி நேரம்

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயலைத் தாக்கும் பாதிப்பு என்ற பிரிவில் ஆலங்கட்டியும் நிலச்சரிவும் வரும். அதற்கு முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் பயிரும், உங்கள் பிர்காவும் (வருவாய்க் குறுவட்டமும்), இந்தப் பிரிவும் அந்தப் பருவத்து அறிவிக்கையில் இருக்கிறதா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

செலவு: காப்பீட்டுத் தொகையில் விவசாயி பங்கு காரிப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ரபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, வணிக மற்றும் தோட்டப் பயிருக்கு அதிகபட்சம் 5 சதவீதம்.

ஆவணம்: ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் அடங்கல் அல்லது பயிர்ச் சான்று. பாட்டத்துக்கு எடுத்தவர்களும் சேரலாம், ஆனால் பாட்டச் சீட்டு எழுத்தில் வேண்டும். எனக்கு இருந்தது வாய்ப்பேச்சு மட்டும். நிலத்துக்காரர் நல்ல மனிதர்தான், அதற்காகக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா? வாழைக்கன்று நடும் முன்பே சீட்டு எழுதிவிடுங்கள்.

நேரம்: பாதிப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். 14447 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, பதிவு செய்த வங்கி வழியாகவோ சொல்லலாம். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் ஓர் அலுவலகத்துக்குப் போக, "திங்கட்கிழமை வாங்க" என்றார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் திங்கட்கிழமை போனேன். 72 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்தது. யாரும் வாருங்கள் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அன்றைக்கே போனில் பதிந்துவிடுங்கள். விதிப்படி தகவல் போன 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும், அடுத்த 10 நாளில் ஆய்வு முடிய வேண்டும். அதுவரை கிழிந்த இலையை வெட்டி ஒதுக்காதீர்கள்.

ரேடார் படம் இதில் நேரடி ஆவணம் கிடையாது, வயலில் வந்து பார்ப்பதுதான் செல்லும். "எப்போது விழுந்தது, எவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு நிமிஷக்கணக்கில் பதில் சொல்ல மட்டும் அது உதவும்.

10. எழுத்தில் மழைக்கணக்கு வேண்டுமென்றால்

வானிலைத் துறையின் பழைய பதிவுகளை புனேயில் உள்ள தரவுப் பிரிவின் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். மாவட்ட மழைமானிகளின் எண்கள் மட்டும் போதுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மனுவில் நிலையத்தின் பெயரையும், தேதியையும், 'காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை' என்பதையும் தெளிவாகப் போடுங்கள். சாயங்காலம் பெய்த மழை மறுநாள் தேதியில்தான் பதிவாகியிருக்கும். நான் மழை பெய்த தேதியைப் போட்டுக் கேட்டேன். 30-வது நாள் பதில் வந்தது: மழையளவு 0.0 மி.மீ.